துளசிக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர்

முந்தநாள் காலை மேல்தட்டுக்காரியின் பூச்சாடிக்குள் முகத்தைப் புதைத்தபடி நான் பிடிபட்டேன். வேறு யாராவது வந்து உனக்குச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது. நீ போயிருக்கிற இடத்துக்கு வவுனியாவிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கதை எப்படியும் வந்து சேரும்.

நடந்தது இதுதான். இப்போது நாங்கள் இருப்பது வவுனியாவில், மூன்று தட்டு வீடொன்றின் நடுத்தட்டில். மேல்தட்டில் வங்கியில் வேலை செய்கிற ஒரு பிள்ளை, கலியாணம் கட்டிப் புதிதாக வந்தவள். படிக்கட்டு நெடுகச் சாடி வைத்திருக்கிறாள். உடுப்புக் காயப்போட மொட்டைமாடிக்கு ஏறிய நான், ஒரு சாடியைக் கடக்கும்போது நின்றுவிட்டேன். ஒரு மணம். கற்பூரமும் எலுமிச்சைத் தோலும் ஒன்றாகக் கசங்கியது போல. குனிந்தேன். போதாமல் இன்னும் குனிந்தேன். மூக்குக் கண்ணாடி கழன்று சாடிக்குள் விழுந்தது. அதை எடுக்கப்போய் நிலை தடுமாறி முகமும் அதன் பின்னாலேயே சாடிக்குள் போனது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

"அன்ரி, ஏதும் துலைஞ்சு போச்சோ?" என்று கேட்டாள்.

ஐம்பதைத் தாண்டிய மனுசி, ஒரு கையில் ஈர உடுப்பு வாளி, மூக்கு நுனியில் மண். அந்தக் கோலத்திலும் நான் விடவில்லை. துளசி சளிக்கு நல்லது, இருமலுக்கு நல்லது, காய்ச்சலுக்கு இப்படி அவிக்க வேண்டும், பிள்ளைகளுக்கு இப்படிப் பிழிய வேண்டும் என்று படிக்கட்டில் நின்று ஒரு பாடம் எடுத்தேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றாள். முடிவில் ஒரேயொரு வசனம் சொன்னாள். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீ சிரிக்கத் தொடங்கிவிடுவாய், மிச்சத்தைக் கேட்கமாட்டாய்.

அது மல்லாவி மணம். நம்முடைய கிணற்றடியில் நின்ற துளசியின் மணம். அதற்குப் பிறகு கோயில் வாசலிலும் சந்தையிலும் எத்தனையோ தரம் துளசி வாங்கி முகர்ந்திருக்கிறேன். ஒன்றிலும் அந்த மணம் இருந்ததில்லை. அந்தந்த ஊர் மண்ணைக் குறை சொல்லிவிட்டு வந்துவிடுவேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு அது ஒரு படிக்கட்டுச் சாடியில் கிடைத்தால், கண்ணாடி விழுந்தது பெரிய விஷயமா?

இது உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ சொல்லும்போதெல்லாம் என்னை இன்னும் கொஞ்சம் மோசமாக்கித்தான் சொல்வாய். இந்த முறை மறித்துப் பேச நீ இல்லை என்ற துணிவில் நான் சொல்கிறேன்.

தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவிக்கு வந்த நாங்கள், பவளம் மாமியின் வளவில் கிணற்றுக்கு மேற்குப் பக்கமாக ஒரு கொட்டில் போட்டிருந்தோம். சில மாதம் கழித்து முல்லைத்தீவுக் கரையிலிருந்து, கழுத்தில் செபமாலையோடு நீயும் உன் மனுசனும் வந்து கிழக்குப் பக்கம் போட்டீர்கள். மாமிக்கு இருந்தது ஒரு கல்வீடு, ஒரு கிணறு, மருந்தில்லாத முழங்கால் வலி. மருந்துக்கும் சாமானுக்கும் தடை இருந்த அந்த நாளில் வன்னியில் பனடோல் ஒன்றைக் கண்டால் அதைப் பாதியாக உடைத்துப் பொட்டலம் கட்டி வைப்பார்கள். மாமி காலையில் ஒரு கோப்பை இலைக்கஞ்சியை நம்பி எழும்புகிற ஆள். வல்லாரை, முடக்கொத்தான், தூதுவளை, முசுட்டை எல்லாவற்றையும் இடித்துச் சாறெடுத்து, அரிசியும் தேங்காய்ப்பாலும் விட்டுக் காய்ச்சிய கஞ்சி. குடித்தால் முழங்கால் மடங்கும். குடிக்காவிட்டால் அன்றைக்கு மாமியும் மடங்கமாட்டார், யாருடைய சொல்லுக்கும்.

ஆனால் இலை ஆய அவருக்குக் கண் இல்லை. இரண்டு கண்ணிலும் வெண்புரை. பயணத்துக்குப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போய்க் கண் வெட்டுவதை விட இருட்டு சுகம் என்று சொல்லிவிட்டார். பீனிசத்தால் மூக்கும் எந்நேரமும் அடைத்திருக்கும். விரலும் நாக்கும் மட்டும்தான் மிச்சம். ஆகவே எங்களிடம் வாடகை வாங்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் வழிந்தோடுகிற இடத்தில் இரண்டு பாத்தி பிரித்துத் தந்து, கஞ்சிக்கு இலை தந்தால் போதும் என்றார்.

ஒரேயொரு சட்டம். அது மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் படாத வளவு. நீ வந்த அன்றைக்கே, உன் மனுசனின் சைக்கிளில் கட்டியிருந்த மீன்பெட்டியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொட்டிலுக்கை என்னத்தையும் சமையுங்கோ, நான் மூக்கில்லாதவள். ஆனா மீன்தண்ணி ஒரு சொட்டும் என்ரை மண்ணிலை விழப்படாது. ஒழுங்கைக்கு அங்காலை கொண்டுபோய் ஊத்துங்கோ."

நீ தலையை ஆட்டினாய். அவருக்குத் தெரியாதே என்று பிறகு வாயாலும் "ஓம் மாமி" என்றாய்.

பாத்தி கிடைத்ததும் முதலில் வெளிச்சத்துக்கு வந்தது நம் இருவருடைய அறிவு. நான் இடம்பெயர்ந்த பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பித்தேன். ஒருவித்திலை, இருவித்திலை என்று கரும்பலகையில் வடிவாகக் கீறுவேன். உண்மையான செடி எதையும் எனக்கு முகம் தெரியாது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு இலைவகையெல்லாம் கட்டுக்கட்டாக வாசலுக்கு வரும். ஆனால் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. முசுட்டை என்று சொல்லி நான் காட்டோரத்திலிருந்து கொண்டுவந்து பந்தல் போட்டு ஏற்றிய கொடியை ஆடு ஒன்று முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டு போனது ஞாபகமிருக்கும். நீ அன்று முழுக்கச் சிரித்தாய். இரவு விக்கல் எடுத்தும் நிறுத்தவில்லை.

நீயாவது நேர்மையானவள். "எனக்குக் கடலுக்கை கிடக்கிறதெல்லாம் பேர் தெரியும் ரீச்சர். கரையிலை பச்சையாக் கிடக்கிறதெல்லாம் ஒண்டுதான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாய். நான் பேர் சொன்னேன், நீ நட்டாய். என்னுடைய பேர்களை நம்பி ஒருத்தி குழி தோண்டினாள் என்பதே எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது.

அப்படியிருக்க, உன் வல்லாரை ஏன் அப்படி வளர்ந்தது? ஒரே கிணறு, ஒரே மண். மாமி காலையில் வந்து குந்தியிருந்து இரண்டு பாத்தியையும் தடவுவார். உன் பக்கத்து இலையைத் தொட்டால் "கோப்பைத் தட்டு மாதிரிக் கிடக்கு பிள்ளை" என்பார். என் பக்கம் வந்ததும் விரல் தேடும். "ரீச்சர், இது இலையோ, சட்டைப் பொத்தானோ?" நீ கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் நின்று சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொள்வாய்.

எனக்குச் சந்தேகம் தந்தது பூனை. பக்கத்து வளவுச் சாம்பல் பூனை ஒன்று உன் பாத்திக்குப் பக்கத்தில் பகல் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு தவம் இருந்தது. எந்தப் பூனை வல்லாரைக்குக் காவல் இருக்கும்? ஒரு நாள் விடியப்புறம் நானும் வேலியோரம் குந்தியிருந்து பார்த்தேன். நீ முதல்நாள் மீன் கழுவின வாளியோடு வந்தாய். ஒழுங்கைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாத்தியில் ஊற்றினாய். பிறகு குந்தி, திரளி மீன் தலை இரண்டை முடக்கொத்தானுக்குக் கீழே அடக்கம் செய்து மண்ணைத் தட்டினாய். சிலுவை போடாததுதான் குறை.

நான் எழும்பி நின்றபோது நீ பதறவே இல்லை.

"என்ன பார்க்கிறீங்கள் ரீச்சர்? இது மீன் கழுவின தண்ணியில்லை. மீன் குளிச்ச தண்ணி."

"மாமிக்குத் தெரிஞ்சால்?"

"ஒழுங்கைக்கு அங்காலை ஊத்தினால் நாய் நக்கும். இஞ்சை ஊத்தினால் மாமிக்கு முழங்கால் மடங்கும். எதைச் செய்யட்டும்?"

சைவக் குடும்பம், வெள்ளிக்கிழமை விரதம், அப்பா தேவாரம் பாடினவர், எல்லாம் நினைவுக்கு வந்து போயின. பிறகு என் கொட்டிலுக்குள் போய் ஒரு செம்பை எடுத்துவந்து உன் வாளிக்கு நேரே நீட்டினேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எடி ரீச்சர்!" என்றாய். அன்றோடு நீங்கள், வாங்கோ எல்லாம் போய்விட்டது. சாகும்வரை நீ என்னை "எடி ரீச்சர்" என்றுதான் கூப்பிட்டாய். அந்தப் பட்டம் எனக்கு எந்தக் கல்வித் திணைக்களமும் தந்ததல்ல.

என் வல்லாரையும் பொத்தானிலிருந்து தட்டாக வளர்ந்தது. மாமி சந்தோஷப்பட்டார். பூனைக்குத்தான் எந்தப் பக்கம் இருப்பது என்று குழப்பம்.

அந்த ஐப்பசியில்தான் மாமி எங்கள் இருவரையும் குசினி வாசலுக்குக் கூப்பிட்டார். அக்கராயன் பக்கம் இனி இருக்க ஏலாதாம், அங்கே இருக்கிற தன் தங்கச்சி குடும்பம் மாரி முடிய வரப்போகிறதாம், ஒரு கொட்டில் வேண்டுமாம். யார் போவது என்று தான் சொல்லமாட்டாராம். "நான் ஒருத்தியைப் போகச் சொன்னால் மற்றவளின்ரை இலை எனக்குக் கசக்கும். ரெண்டுபேரும் கதைச்சுச் சொல்லுங்கோ."

நாம் கதைக்கவில்லை. அதுவரை எதைத்தான் கதைக்காமல் விட்டோம்! ஊரில் யார் யாரோடு கோபம், எந்த வீட்டில் சவர்க்காரம் ஒளித்து வைத்திருக்கிறார்கள், தலைமை ஆசிரியரின் மனுசி ஏன் தாய்வீட்டுக்குப் போனாள், எல்லாம் கதைத்தோம். இதை மட்டும் விட்டுவிட்டோம். உனக்கு அப்போது ஐந்தாம் மாதம். முதல் பிள்ளை, கரையை விட்டு வெளிக்கிட்டு நடந்த வழியில் தங்காமல் போனது. இதையாவது ஆஸ்பத்திரிக் கட்டிலில் பெற வேண்டும் என்பது ஒன்றுதான் உன் ஆசை. மாமியின் படலையிலிருந்து மல்லாவி ஆஸ்பத்திரிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தே போகலாம். இங்கிருந்து போனால் உனக்கிருந்த ஒரே இடம் ஜெயபுரத்தில் உன் மனுசனின் தமையன் காடு வெட்டி, தறப்பாள் படங்கு கட்டிப் போட்டிருந்த கொட்டில். என் பக்கத்தில் மலேரியாவில் விழுந்து விழுந்து எழும்புகிற ஒரு மனுசன், அவருக்கும் அதே ஆஸ்பத்திரி. இரண்டு நியாயமும் கிணற்றுக்கு இரண்டு பக்கமும் இருந்தன. வாயால் போடாத சண்டையை இலையால் போட்டோம். நீ கஞ்சிக்கு இலையோடு தேங்காயும் துருவிக் கொடுத்தாய். நான் இலையோடு இஞ்சியும் தட்டிக் கொடுத்தேன். மாமியின் கஞ்சி அந்த மாதத்தில் இருந்த ருசி முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கார்த்திகை பிறக்க மாமிக்குத் துளசி வேண்டும் என்றொரு ஆசை வந்தது. குளக்கட்டுக்குப் பக்கத்துச் சின்னக் கிருஷ்ணர் கோயிலுக்குத் தன் வளவுத் துளசி கொடுக்க வேண்டுமாம். முதலில் ஓடினது நான். குளக்கட்டுச் சரிவில் ஒரு செடியைக் கண்டதும் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. "யாழ்ப்பாணத்திலை எங்கடை முத்தம் முழுக்க இதுதான்" என்று உனக்குச் சொல்லிக்கொண்டு மண்ணோடு கிண்டி எடுத்தேன். மாமிக்குக் கைக்கு எட்ட வேண்டும் என்பதால் கிணற்றடியில், இரண்டு பாத்திக்கும் நடுவில் நட்டோம். மாமி வந்து தடவினார்.

"இலை சின்னனாக் கிடக்கே, ரீச்சர்?"

"கிருஷ்ண துளசி அப்பிடித்தான் மாமி."

அது பிடித்துக்கொண்டு பொலிந்தது. பொலியாதா? பாத்திக்கு ஊற்றுகிற வாளியில் அதற்கும் பங்கு போனது. நீ பழக்கத்தில் ஊற்றினாய், நான் பழக்கத்தில் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமைகளில் மாமியைக் கையில் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவது நான். ஐயர் மாமியின் வாழையிலைப் பொட்டலத்தை அவிழ்த்து, அந்தத் துளசியை இரண்டு விரலால் எடுத்து, தட்டின் ஒரு மூலையில் வைப்பார். வைத்துவிட்டு என்னை ஒரு தரம் பார்ப்பார். பெரிய ஆசாரமான மனிசன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை திரும்பி வந்த மாமி, உன் கன்னத்தைத் தேடிப்பிடித்துத் தடவிச் சொன்னார்: "பிள்ளை, வேதக்காரியெண்டாலும் நீ ஊத்தின தண்ணியிலை வளர்ந்தது இண்டைக்குக் கிருஷ்ணரின்ரை கழுத்திலை கிடக்கு." தட்டு மூலைக்கு மேலே அது போகவில்லை என்பது எனக்குத் தெரியும். கண் தெரியாத மனுசியின் சந்தோஷத்தில் நான் ஏன் கை வைக்க? ஆனால் உன் முகம் போன போக்கைக் கண்டேன். அன்று பின்னேரம் நீ கிணற்றுக்கட்டில் இருந்தபடி, மாமிக்குச் சொல்லப்போவதாகச் சொன்னாய்.

நான் முதலில் பகிடி என்று நினைத்தேன். பிறகு ஆசிரியைக் குரலில் விளங்கப்படுத்தினேன். சொன்னால் நீ போக வேண்டிவரும், வயிற்றில் பிள்ளை, மாரி மழை, படங்குக் கொட்டில். அதோடு, அது என்னுடைய சாமி. நானே சும்மா இருக்கும்போது உனக்கென்ன?

"உனக்கு அவரோடை பழக்கம். நீ எப்பிடியும் சமாளிச்சுப்போடுவாய்" என்றாய். "எனக்கு அவரைத் தெரியாதடி. தெரியாத ஆளின்ரை கழுத்திலை மீன்தண்ணியைப் போட்டிட்டு நான் என்னெண்டு பிள்ளை பெறுறது?"

கஞ்சி குடித்த மாமியைப் பற்றி உனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும். கிருஷ்ணர் வந்த பிறகுதான் உனக்குப் பாவம் என்ற சொல்லே ஞாபகம் வந்தது. பங்குச் சுவாமியாரும் அந்தப் பக்கம் வந்து கனகாலம். பாவசங்கீர்த்தனத்துக்கு ஆள் இல்லாமல் நீ மாமியைப் பிடித்தாய்.

அடுத்த நாள் காலை குசினி வாசலில் போய் நின்றாய். நான் கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். அந்த இடம் வழக்கமாக உன்னுடையது. மாமி திருவலையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நீ சுற்றி வளைக்கவில்லை. மீன்தண்ணியை நான் ஒழுங்கைக்குக் கொண்டுபோகவில்லை மாமி, பாத்தியில்தான் ஊற்றினேன், துளசிக்கும் ஊற்றினேன் என்று சொன்னாய். துருவுகிற சத்தம் நின்றது.

"கஞ்சி இலைக்கும்?"

"ஓம் மாமி. அதுக்குத்தான் முதல்."

மாமி எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்துக் கிணற்றடிக்கு வந்து, என் தலைக்கு மேலாலேயே வாளியை எடுத்து வாய் கொப்பளித்தார். நிறுத்தாமல் கொப்பளித்தார். இத்தனை மாதத்துக் கஞ்சியையும் அன்றைக்கே கழுவிவிட வேண்டும் என்பது போல. அவர் துப்பினது முழுக்க எனக்குப் பக்கத்தில் விழுந்தது. நான் மூச்சு விடவில்லை. பிறகு வாயைத் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"ரீச்சரின்ரை பாத்தியும் அப்பிடித்தானோ?"

நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இல்லை மாமி. அவா சுத்தம்."

பாவசங்கீர்த்தனத்துக்குள்ளேயே ஒரு பொய். அதைப் பற்றிப் பிறகு உன்னிடம் கேட்டபோது, இரண்டு பேரும் போனால் மாமிக்கு இலை ஆய யார் இருப்பது என்று சொல்லிவிட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாய். மாமி போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நீயே சொன்னாய், மாமியின் தங்கச்சிக்கு இடம் ஆச்சு என்று. மீன்பெட்டி கட்டுகிற சைக்கிளில் அன்றைக்கு நீ இருந்தாய். ஒரு சிரட்டையில் வல்லாரைத் தண்டு மூன்று நாலு வைத்துக் கொண்டு போனாய். எனக்குக் கொட்டில் கிடைத்துவிட்டது. வெற்றி பெற்ற ஆள் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்க முயன்றேன். கை வேலை ஓடவில்லை.

மீன் போனதும் முதலில் வளவைவிட்டுப் போனது பூனை. பிறகு வல்லாரை. மார்கழி பாதியாகும்போது இலை மஞ்சளித்து, சுருங்கி, பழையபடி பொத்தானாகிவிட்டது. மாமிக்குக் கண் தெரியாது என்பதை நான் நம்பியிருந்தேன். விரலை மறந்துவிட்டேன். ஒரு காலை என் பாத்திக்குப் பக்கத்தில் கனநேரம் குந்தியிருந்தார். பிறகு, என் பக்கம் திரும்பாமல், இலையைப் பார்த்துக் கேட்பது போலக் கேட்டார்.

"அவள் போன நாளிலை இருந்து உன்ரை வல்லாரை சின்னனாகிக்கொண்டு வருது. அதென்னெண்டு ரீச்சர்?"

ஏழாம் வகுப்பு விஞ்ஞானத்தில் அதற்கு விடை இருக்கிறது.

மாமி அதற்குக் காத்திருக்கவில்லை. "செத்துப்போன மனுசன்ரை சைக்கிள் விறாந்தையிலை நிக்குது. காத்தடிச்சுக்கொண்டு போய் அவளைக் கூட்டிக்கொண்டு வா. தங்கச்சி ஆக்கள் என்னோடை வீட்டுக்கை கிடக்கட்டும்" என்றார். படலையைத் திறக்கும்போது பின்னாலிருந்து இன்னொன்றும் சொன்னார்: "கெதியாப் போ. அவளுக்கு மாதம் ஏறுது."

ஜெயபுரத்துக்கு நான் சைக்கிள் ஓடின கதையை நீ நூறு பேருக்குச் சொல்லியிருப்பாய். சேற்றில் மூன்று தரம் விழுந்தேன் என்று நீ சொல்வது பொய், இரண்டு தரம்தான். காட்டோரம் கடைசிப் படங்குக்கு முன்னால் நீ ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாய். வயிறு உனக்கு முன்னால் போய்விட்டிருந்தது. குளிக்கிற இடத்தில், நீ கொண்டுபோன வல்லாரை கோப்பைத் தட்டளவில் நின்றது. என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தாய்.

"என்ன, மாமி ரெண்டாம் தரம் கலைக்கச் சொன்னவாவோ?"

"கூட்டிக்கொண்டு வரச் சொன்னவா. என்ரை விஷயமும் தெரிஞ்சுபோச்சு."

"எடி ரீச்சர், நீயே சொல்லிப்போட்டியோ?"

"நான் சொல்லேல்லை. வல்லாரை சொல்லிப்போட்டுது."

அப்போது நீ சிரிக்கத் தொடங்கினாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, விறகுப் புகையில் கண்ணீர் ஓடச் சிரித்தாய். பக்கத்துப் படங்கிலிருந்து ஒரு மனுசி பிள்ளைப்பேற்றுக் குத்து வந்துவிட்டதென்று நினைத்துச் சுடுதண்ணீர்ப் பானையோடு ஓடிவந்தாள். உன்னை அடுத்த நாள் விறகு ஏற்றிய லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றி, சாக்குக்கு மேல் இருத்திக் கொண்டுவந்தோம். நான் பின்னால் சைக்கிளில்.

மாமி படலையடியில் நின்றார். உன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். எத்தனை மாதம் என்று உன்னைக் கேட்காமல் விரலையே கேட்டுக்கொண்டார். பிறகு எங்கள் இருவரையும் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ப் புதுச் சட்டம் சொன்னார்.

"கஞ்சி இலைக்கு நீங்கள் என்னத்தையும் ஊத்துங்கோ. எனக்குச் சொல்லவும் வேண்டாம், நான் கேக்கவும் மாட்டன். என்ரை வயிறு, நான் பட்டுக்கொள்ளுறன். துளசிக்கு மட்டும் கிணத்துத் தண்ணி. அதுவும் கையைக் கழுவிப்போட்டு."

உன் மகள் அந்த மாசியில் மல்லாவி ஆஸ்பத்திரியில், கட்டிலில், ஒரு மெழுகுதிரி வெளிச்சத்தில் பிறந்தாள். அதற்குப் பிறகு, சண்டை ஓய்ந்து பாதை திறக்கும்வரை நாம் அந்த வளவில் இருந்த காலம் முழுக்க, மாமி காலையில் கஞ்சி குடித்தார். குடித்ததும் கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்தார். ஒரு நாளும் ஏன் என்று சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பழைய துளசியின் மண்ணை அரையடி ஆழத்துக்குக் கிண்டி எறிந்துவிட்டு, குளக்கட்டு மண் போட்டு, அதே செடியின் கொப்பை நட்டோம். அதற்கு நீ தனிச் செம்பு வைத்திருந்தாய். சவர்க்காரம் கிடைக்காத நாளில் சாம்பல் போட்டுக் கை தேய்ப்பாய். மகளைக்கூட அந்தச் செம்பைத் தொட விடமாட்டாய். உன் மனுசன் மீன்பெட்டியோடு அந்தப் பக்கம் வந்தால், செடிக்கு முன்னால் நின்று சேலையை விரித்து மறைப்பாய். அவ்வளவு பக்தியாகத் துளசி வளர்த்த இந்துவை நான் இன்னும் காணவில்லை. ஐயர்தான் கடைசிவரை இரண்டு விரலையும் தட்டு மூலையையும் விடவில்லை.

பாதை திறந்ததும் நீ கரைக்குப் போனாய், நான் வவுனியாவுக்கு வந்தேன். பிறகு நடந்தவை எல்லாம் எல்லாருக்கும் நடந்தவை. மாமியும் போய்விட்டார். போன மாசியில் உன் மகள் தொலைபேசி எடுத்து, சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டது, அம்மா காலையில் போய்விட்டா என்றாள். நான் வெளிக்கிட்டேன். வழியில் பஸ் பழுதாகி ஒரு புளியமரத்தடியில் நின்றது. வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து, எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். நீ இருந்திருந்தால் என்னையும் பஸ்ஸையும் சேர்த்து ஒரு வருடத்துக்கு நக்கலடித்திருப்பாய். உன் வீட்டுக் கிணற்றடியில் வல்லாரை கோப்பைத் தட்டளவில் நின்றது. பூனையும் நின்றது. நான் அழவில்லை. மகள் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

என்னிடம் இப்போது பல்கனியில் ஐந்தாறு சாடி இருக்கின்றன. பேர் தெரிந்த செடிகள் கொஞ்சம், பேர் வைத்த செடிகள் கொஞ்சம். மீன் கழுவின தண்ணீர் ஒரு வாளி, கிணற்றுத் தண்ணீர் ஒரு செம்பு. கோயிலடியில் வாங்கி வைத்த துளசிக்கு, மணம் சரியில்லாவிட்டாலும், செம்புத் தண்ணீர்தான் விடுகிறேன், கையைக் கழுவிவிட்டு. என் மனுசன் கேலி செய்கிறார். உங்களுக்குக் கிருஷ்ணரோடு பழக்கம் இருக்கலாம் என்று சொல்லிவிடுகிறேன்.

சரி, மேல்தட்டுப் பிள்ளை சொன்னது. என் பாடம் முடியும்வரை பொறுத்திருந்து, என் மூக்கு நுனி மண்ணைத் தன் லேஞ்சியால் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"அன்ரி, இது துளசியில்லை. நாய்த்துளசி. தன்ரைபாட்டிலை முளைச்சது, பிடுங்க நேரமில்லாமல் விட்டு வைச்சிருக்கிறன்."